முக்கால் லெங்தும் ஒரு தலையும்

இங்கிலாந்தின் ஆஸ்காட் மைதானத்தில் ஓராண்டு இடைவெளியில் நடந்த இரண்டு பந்தயங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஓடும் குதிரையைப் படிப்பது என்றால் என்ன என்பது ஓரளவு பிடிபடும். முதலாவது 2011 ஜூன் 14 அன்று நடந்த செயின்ட் ஜேம்ஸ் பேலஸ் ஸ்டேக்ஸ். ஃபிராங்கல் என்ற மூன்று வயது ஆண்குதிரை அதில் முக்கால் லெங்த் இடைவெளியில் ஜெயித்தது. இரண்டாவது 2012 ஜூன் 23 அன்று நடந்த டயமண்ட் ஜூபிலி ஸ்டேக்ஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய பிளாக் கேவியர் என்ற பெண்குதிரை அதில் ஒரு தலை இடைவெளியில் ஜெயித்தது.

லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல்நீளம், ஏறக்குறைய எட்டடி. ஓட்ட வேகத்தில் அது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. தலை என்பது அதிலும் சிறு துண்டு. இரண்டு குதிரைகளும் அதுவரை தோற்றதே இல்லை. ஃபிராங்கலுக்கு அது ஏழாவது பந்தயம், பிளாக் கேவியருக்கு இருபத்திரண்டாவது. இரண்டின் மீதும் அந்தந்த நாள் மாலையே ஒரே சந்தேகம் விழுந்தது: இவ்வளவுதானா, உச்சம் முடிந்துவிட்டதா?

பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடுவது சுலபம். அன்றைக்கு மைதானத்தில் நின்றவருக்குக் கண்முன் இருந்ததை மட்டும் வைத்து, அடுத்த பந்தயத்தில் இந்தக் குதிரை என்ன செய்யும் என்று சொல்ல முடிந்திருக்குமா என்பதே கடினமான கேள்வி. என் பதில்: ஃபிராங்கல் விஷயத்தில் முடிந்திருக்கும். பிளாக் கேவியர் விஷயத்தில் பாதிதான் முடிந்திருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபிராங்கலின் பந்தயம் ஒரு மைல் தூரம், ஆஸ்காட்டின் வளைவுப் பாதையில். இந்தப் பாதை ஸ்வின்லி பாட்டம் என்ற பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து வெற்றிக்கம்பம் வரை மேடாக ஏறுகிறது. கடைசி வளைவு தாண்டிய நேர்ப்பாதை வெறும் இரண்டரை ஃபர்லாங்தான். ஃபிராங்கலுக்கு வேகம் அமைத்துக் கொடுப்பதற்கென்றே அதே உரிமையாளரின் இன்னொரு குதிரை முன்னே பாய்ந்து ஓடியது. மற்றவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். ஜாக்கி டாம் குவீலி விடவில்லை. நேர்ப்பாதைக்கு வெகுமுன்பே ஃபிராங்கலைக் கிளப்பி, ஓடிக்கொண்டிருந்த அந்தக் குதிரையைத் துரத்திப் பிடித்தார். வளைவு திரும்பும்போது ஃபிராங்கல் பல லெங்த் முன்னால் இருந்தது. அந்த வேகமெல்லாம் ஏற்றத்தின் அடிவாரத்தில் செலவானது. கடைசி ஃபர்லாங்கில், பின்வரிசையில் பொறுமையாகக் காத்திருந்த ஸோஃபனி என்ற குதிரை பாய்ந்து வந்தது. பதினைந்து லெங்தில் ஜெயிக்கும்போல் தெரிந்த பந்தயம் முக்கால் லெங்தில் முடிந்தது.

இங்கே கண் தானாகவே போகுமிடம் கடைசி நூறு மீட்டர். கைதட்டலும் கூச்சலும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் குதிரையின் உழைப்பு நடந்தது அதற்கு நெடுந்தூரம் முன்பு. ஓடும் குதிரைக்கு ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான். கால்களின் தாளமும் நுரையீரலின் தாளமும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. கூடுதலாக இழுத்து மூச்சுவிட்டுச் சமாளிக்க வழியில்லை. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை துடிக்கும் இதயம் முழு ஓட்டத்தில் இருநூறைத் தாண்டிவிடும். அந்த நிலைக்கு ஒரு ஃபர்லாங் முன்கூட்டியே போய்விட்ட குதிரை, கடைசி ஃபர்லாங்கில் அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். ஸோஃபனி நெருங்கியதற்குக் காரணம் அது திடீரென்று வேகமெடுத்தது என்பதைவிட, ஃபிராங்கல் மெதுவானது. மெதுவானதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, செலவழித்த வரிசை தப்பியது.

அன்று இன்னொரு விளக்கமும் பேசப்பட்டது. தனியே முன்னால் வந்துவிட்ட குதிரை, பக்கத்தில் யாரும் இல்லாததால் சும்மா ஓடியது என்பது அது. இப்படிச் செய்யும் குதிரைகள் உண்டு. ஆறு வாரம் முன்பு, ஏப்ரல் 30 அன்று நியூமார்க்கெட்டில் நடந்த 2000 கினீஸில் ஃபிராங்கல் ஆரம்பத்திலிருந்தே தனியாக ஓடி, பாதி வழியில் பத்து லெங்துக்கு மேல் விலகி, ஆறு லெங்தில் ஜெயித்தது. தனிமை அதைச் சோம்பேறியாக்கும் என்பதற்கு அங்கே அடையாளம் இல்லை. ஆகவே எனக்கு முதல் விளக்கம்தான் பொருந்துகிறது. ஆஸ்காட்டில் அது களைத்தது. களைத்த பின்பும் இன்னொரு குதிரை தன்னைக் கடக்க விடவில்லை. அந்தக் கடைசி ஐம்பது மீட்டரில் ஸோஃபனியின் முன்னேற்றம் நின்றுபோனதை மறுபடி மறுபடி பார்க்கலாம். இடைவெளி சுருங்கிச் சுருங்கி வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் சுருங்க மறுத்தது. எதிர்காலப் பந்தயத்தைக் கணிக்கிறவருக்கு அந்த மறுப்பு, ஆறு லெங்த் வெற்றியைவிடப் பெரிய தகவல்.

இனி பிளாக் கேவியர். இது ஆறு ஃபர்லாங் குறுந்தூரப் பந்தயம், நேர்ப்பாதை. டிரெய்னர் பீட்டர் மூடி, ஜாக்கி லூக் நோலன் இருவரும் மெல்பர்னைச் சேர்ந்தவர்கள். நீண்ட விமானப் பயணத்தில் கால்களும் உடலும் வீங்காமல் இருக்க, உடம்போடு ஒட்டிய அழுத்த உடை ஒன்றை அந்தக் குதிரைக்கு மாட்டி அழைத்து வந்தார்கள். பந்தயம் தொடங்கும்போது மெல்பர்னில் நள்ளிரவு தாண்டிய நேரம். ஃபெடரேஷன் சதுக்கத்தில் பெரிய திரைக்கு முன் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். ஆஸ்காட்டிலோ சால்மன் மீன் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட அதன் ஜாக்கிச் சட்டையின் நிறத்தைக் கழுத்தில் டையாகக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியர்கள் கூட்டம் கூட்டமாக.

பிளாக் கேவியர் தன் வழக்கப்படி அவசரமில்லாமல் முன்வரிசையில் ஓடி, இரண்டு ஃபர்லாங் மிச்சமிருக்கும்போது முன்னுக்கு வந்தது. நோலன் ஊக்கினார், குதிரை விலகியது. ஆனால் ஆஸ்திரேலியாவில் விலகுவதுபோல் விலகவில்லை. ஜெயித்தாயிற்று என்று நினைத்த நோலன் கைகளைத் தாழ்த்தி ஊக்குவதை நிறுத்தினார். மெல்பர்னின் ஃபிளெமிங்டன் மைதானத்தின் சமதளத்தில் இதைப் பலமுறை செய்திருக்கிறார். அங்கே ஓட்டத்தின் உந்துதலே குதிரையைக் கம்பம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆஸ்காட்டில் கடைசிப் பகுதி ஏற்றம். கை தளர்ந்த மறுகணம் வேகம் விழுந்தது. ஒரு பக்கம் மூன்லைட் கிளவுட், இன்னொரு பக்கம் ரெஸ்டியடார்ஜான், இரண்டும் பிரான்ஸில் பயிற்சி பெற்ற பெண்குதிரைகள், பாய்ந்து வந்தன. நோலன் பதறிப்போய் மறுபடி ஊக்கினார். புகைப்படம் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள்.

நோலன் தன் பிழையை அன்றே ஒப்புக்கொண்டார். பழியெல்லாம் அவர் மேல் விழுந்தது. பின்னர் வந்த மருத்துவப் பரிசோதனையில், குதிரையின் பின்னங்கால் தசைகளில் கிழிவு இருப்பது தெரிந்தது. ஓடும்போது அது வலியில் இருந்திருக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்து வைப்போம். ஒரு பந்தயத்தில் ஜாக்கி அவசரப்பட்டுக் குதிரையின் உழைப்பை முன்கூட்டியே கேட்டார். மற்றதில் ஜாக்கி கேட்பதை முன்கூட்டியே நிறுத்தினார். விளைவு ஏறக்குறைய ஒன்று, காரணம் நேரெதிர். முடிவுப் பலகையில் இரண்டும் ‘நூலிழையில் தப்பிய வெற்றி’. அடுத்த பந்தயத்துக்கு இவை தரும் செய்தியோ வேறு வேறு. முதலாவதில் குதிரை தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தது, ஆகவே அதன் அடித்தளம் எங்கே என்று தெரிந்துவிட்டது. சரியான வரிசையில் செலவழித்தால் இதைவிட நன்றாகவே ஓடும். இரண்டாவதில் குதிரை எவ்வளவு கொடுக்க முடிந்தும் கொடுக்கவில்லை, எவ்வளவு கொடுக்க முடியாமல் போனது என்பதைப் பிரிக்கவே முடியாது. கை தளர்ந்ததால் போன தூரம் எவ்வளவு? தசை கிழிந்ததால் போன தூரம் எவ்வளவு? ஏற்றம் தின்றது எவ்வளவு? படத்தை நூறு தடவை ஓட்டிப் பார்த்தாலும் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்தே தெரியும்.

ஆனாலும் அன்றைக்கே ஒரு தடயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். நோலன் கை தளர்வதற்கு முன்பே பிளாக் கேவியர் வழக்கம்போல் விலகவில்லை. ஜாக்கி மேல் மட்டும் பழி போட்டவர்கள் இதைக் கவனிக்கவில்லை. கை தளர்ந்தது கடைசி நூறு மீட்டரில். குதிரை அதற்கு முன்பே தன் உச்சத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. நோலன் கடைசிவரை ஊக்கியிருந்தால் ஒரு லெங்தில், போனால் ஒன்றரை லெங்தில் ஜெயித்திருக்கும். அதுவும் அதன் அளவுக்கு மோசமான ஓட்டமே. ஜாக்கியின் பிழை பெரிதாகத் தெரிந்ததால், அதற்குப் பின்னால் இருந்த உடலின் புகாரைப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். குதிரை ஓட்டம் பார்ப்பவர்கள் அடிக்கடி விழும் குழி இது. கண்ணுக்குத் தெரியும் ஒரு காரணம் கிடைத்துவிட்டால் இரண்டாவது காரணத்தைத் தேட மாட்டோம்.

குதிரை உண்மையாகவே உழைக்கிறதா, பாதி மனத்தோடு ஓடுகிறதா, வலியில் ஓடுகிறதா என்பதை வெளியிலிருந்து சொல்லச் சில அடையாளங்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது ஜாக்கியின் கை. மற்றவர்கள் கை ஓட்டத் தொடங்கிய பின்பும் ஒருவர் கை அசையாமல் இருந்தால் அவருக்குக் கீழே இன்னும் சரக்கு இருக்கிறது. காது இன்னொன்று. முன்னால் விறைத்து நின்றால் குதிரை வேறு எதையோ வேடிக்கை பார்க்கிறது, முழு முயற்சியில் இல்லை. பின்னால் படிந்தால் வேலையில் இறங்கிவிட்டது. வால் சுழன்று சுழன்று அடித்தால் சாட்டைக்கோ வலிக்கோ எரிச்சல். நேராக ஓட வேண்டிய குதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனால், பெரும்பாலும் களைப்பு, சில சமயம் காலில் கோளாறு. பந்தயம் முடிந்த மாலையில் தீனித்தொட்டியைப் போய்ப் பார்ப்பது டிரெய்னர்களின் பழைய பழக்கம். தொட்டி காலியாக இருந்தால் குதிரை தன் உழைப்பைத் தாங்கிக்கொண்டது. மிச்சம் வைத்திருந்தால் அதற்கு இன்னும் நாள் வேண்டும். மைதானத்துக்கு வெளியே இருப்பவருக்குக் கிடைக்காத, ஆனால் எல்லாவற்றையும்விட உண்மையான தகவல் அது.

சாய்ந்து ஓடுவதற்கு ஒரு தெளிவான உதாரணம் ஃபிராங்கலின் அடுத்த பந்தயத்திலேயே இருக்கிறது. 2011 ஜூலை 27, குட்வுட், சசெக்ஸ் ஸ்டேக்ஸ். எதிரே கேன்ஃபோர்ட் கிளிஃப்ஸ். ஃபிராங்கல் ஆஸ்காட்டில் தடுமாறிய அதே நாளில், அதே மைதானத்தில் குவீன் ஆன் ஸ்டேக்ஸில் கோல்டிகோவா என்ற பெயர்பெற்ற குதிரையைத் தோற்கடித்த நான்கு வயதுக் குதிரை. அதுதான் பெரிய குதிரை என்று நம்பியவர்கள் நிறையப் பேர். குவீலி இந்த முறை ஆரம்பத்திலேயே முன்னால் போனார். ஆனால் மிதமான வேகத்தில், ஃபிராங்கலின் மூச்சு சீராக இருக்கும்படி ஓட்டினார். நேர்ப்பாதையில் கேன்ஃபோர்ட் கிளிஃப்ஸ் பக்கத்தில் வந்தபோதுதான் கேட்டார். ஐந்து லெங்த். ஆஸ்காட்டை ‘செலவு வரிசை தப்பியது’ என்று படித்தவருக்கு இது எதிர்பார்த்த பதில்.

ஆனால் அந்த ஐந்து லெங்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி ஃபர்லாங்கில் கேன்ஃபோர்ட் கிளிஃப்ஸ் இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. சில நாளில் காலில் காயம் என்று தெரிந்து, பந்தய வாழ்க்கையே முடிந்தது. அந்தச் சாய்வு குதிரை சொன்ன வார்த்தை. ஃபிராங்கல் அன்று அதை எப்படியும் தோற்கடித்திருக்கும் என்றே எண்ணுகிறேன். ஐந்து லெங்தில்தானா என்பது வேறு விஷயம்.

வித்தியாசக் கணக்கை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எக்செலிபிரேஷன் என்ற குதிரையைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அது ஃபிராங்கலோடு ஐந்து முறை ஓடி ஐந்து முறையும் தோற்றது. 2011 ஏப்ரலில் கிரீனம் ஸ்டேக்ஸில் நான்கு லெங்த். ஜூனில் அந்த ஆஸ்காட் பந்தயத்தில் மூன்றாவதாக, ஒரு லெங்த் தூரத்தில். அக்டோபரில் மறுபடி ஆஸ்காட்டில் நான்கு. 2012 மேயில் லாக்கிஞ்ச் ஸ்டேக்ஸில் ஐந்து. ஜூனில் குவீன் ஆன் ஸ்டேக்ஸில் பதினொன்று. அதே இரண்டு குதிரைகள், ஒன்று முதல் பதினொன்று வரை ஐந்து விடைகள். திறமை வித்தியாசம் இப்படி ஏறி இறங்குமா? ஏறி இறங்கியது உழைப்பும் அதன் நேரமும்.

அந்தப் பதினொரு லெங்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் டைம்ஃபார்ம் நிறுவனம் ஃபிராங்கலுக்கு 147 என்ற மதிப்பெண் கொடுத்தது. 1965-இன் சீ பேர்டு என்ற குதிரைக்குக் கொடுத்திருந்த 145-ஐத் தாண்டி, அதன் வரலாற்றிலேயே மிக உயர்ந்த எண். நான் ஃபிராங்கலின் பெருமையைக் குறைக்க வரவில்லை. ஆனால் மூன்றாவதாக வந்த சைடு கிளான்ஸ், எக்செலிபிரேஷனுக்கு ஒரு கழுத்து அளவே பின்னால் இருந்தது. வழக்கமாக அந்த இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு நெருக்கம் இருக்காது. எக்செலிபிரேஷன் அன்று ஃபிராங்கலை ஒட்டியே ஓடி, அதனோடு போட்டிபோட முயன்று, தன்னிடம் இருந்ததைத் தீர்த்துவிட்டது. அந்தப் பதினொரு லெங்தில் ஒரு பகுதி, சவால் விட்ட குதிரை கட்டிய அபராதம். இரண்டாம் இடத்துக்கு ஓடியிருந்தால் அது இன்னும் அருகில் வந்திருக்கும், யாரும் அதைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

இந்தத் தோல்வி எக்செலிபிரேஷனின் மனத்தை உடைத்ததா? ஆகஸ்டில் பிரான்ஸின் டோவீலில் ஷாக் லெ மாருவா பந்தயத்தை ஜெயித்தது. அக்டோபரில் ஆஸ்காட்டில் குவீன் எலிசபெத் ஸ்டேக்ஸை ஜெயித்தது. பெரிய தோல்வி கண்ட குதிரையை உடனே கழித்துக்கட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அது தோற்றது தன்னைவிட மிகச் சிறந்த ஒன்றிடம். குதிரைக்கு அவமானம் தெரியாது. வலியும் பயமும் தெரியும். அடுத்த முறை அதே இடத்தில் அதே வலி வரும் என்று நினைவு வைத்துக்கொள்ளவும் தெரியும். எக்செலிபிரேஷனுக்கு ஆஸ்காட்டில் களைப்பு வந்தது, வலி வரவில்லை.

குதிரையின் தன்னம்பிக்கை என்று பந்தய உலகில் பேசுவது இதைத்தான் என்பது என் புரிதல். மனிதருக்கு இருப்பதுபோன்ற பெருமிதத்தை அதன் மீது ஏற்றிச் சொல்வது தேவையில்லை. ஓடினால் வலிக்காது, கேட்டால் கொடுக்க முடியும், முதுகில் இருப்பவர் அநியாயமாகக் கேட்க மாட்டார் என்ற பழக்கப்பட்ட எதிர்பார்ப்பு அது. அந்த எதிர்பார்ப்பு உள்ள குதிரை கடிவாளத்தை இழுக்காமல் ஓடும், மூச்சை வீணாக்காது, கேட்ட நேரத்தில் கொடுக்கும்.

ஃபிராங்கலுக்கு இது பிறவியில் வந்ததில்லை. இரண்டு வயதில் கடிவாளத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடும் குதிரை அது. அதை அடக்கி ஓட வைக்க முடியாமல் போனதாலேயே 2000 கினீஸில் அப்படித் தனியாக ஓடவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. நியூமார்க்கெட்டின் வாரன் பிளேஸ் லாயத்தில் டிரெய்னர் ஹென்றி செசிலும், தினமும் காலையில் அதன் மேலேறிய ஷேன் ஃபெதர்ஸ்டன்ஹாவும் பொறுமையாக அதைப் பழக்கினார்கள். முன்னே ஒரு குதிரையை ஓடவிட்டு, அதன் பின்னால் அமைதியாக வரக் கற்றுக்கொடுத்தார்கள். 2012-இல் பந்தயங்களிலேயே அந்த வேலையைச் செய்தது அதன் சகோதரன் முறையான புல்லட் டிரெயின். செயின்ட் ஜேம்ஸ் பேலஸில் வேகம் அமைத்த குதிரையைத் துரத்திப் பிடித்த அதே ஃபிராங்கல், ஓராண்டு கழித்து அப்படி ஒரு குதிரைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திச் சீராக வந்தது. பதினொரு லெங்த் வெற்றியைவிட அதுதான் என்னைக் கவர்கிறது. ஒரு மைலுக்கு மேல் இந்தக் குதிரை தாங்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, பந்தயத்தின் முதல் பாதியிலேயே விடை இருந்தது. ஆகஸ்டில் யார்க்கில் பத்தரை ஃபர்லாங் ஜட்மான்ட் இன்டர்நேஷனலை ஏழு லெங்தில் ஜெயித்தது.

டைம்ஃபார்ம் தன் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் போடுவது, இப்படி எண்ணில் அடங்காததைச் சொல்லத்தான். இன்னும் முன்னேறும் என்று தோன்றும் குதிரைக்கு ‘பி’ என்ற சிறிய எழுத்து. மனம் வைத்து ஓடாத, நம்ப முடியாத குதிரைக்கு ஒரு சுருள் குறி. எண் சொல்வது இதுவரை ஓடியதை, குறி சொல்வது இனி ஓடப்போவதை. எடை போட்டு ஓடும் ஹேண்டிகேப் பந்தயங்களில், ஐந்து ஃபர்லாங்கில் ஒரு லெங்துக்கு மூன்று பவுண்டு, ஒரு மைலில் இரண்டு பவுண்டு என்ற மாதிரி கணக்குப் போட்டு எடை ஏற்றுகிறார்கள். இந்தக் கணக்கு மட்டும் போதும் என்றால் அந்தக் குறிகளுக்கு வேலையே இருந்திருக்காது.

இப்படிப் படிப்பது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. சென்னை கிண்டி ரேஸ் தொடர்பான டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வேகமும் தாங்கும் வலுவும் பயிற்சியால் வருபவை, ஜாக்கி தேர்ந்த கலைஞர் என்பது அதன் வாதம். பணம் கட்டுவதைப் பற்றி எனக்குத் தனி அபிப்பிராயம் உண்டு, அது பல குடும்பங்களை அழித்திருக்கிறது. ஆனால் ஓட்டத்தைப் படிப்பது உண்மையில் ஒரு திறமைதான் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு பைசா கட்டாமலும் அந்தத் திறமையை வளர்த்துக்கொள்ளலாம், அப்போதுதான் கண் தெளிவாகவும் இருக்கிறது. பணம் கட்டியவர் தன் குதிரையின் களைப்பைப் பார்க்க விரும்ப மாட்டார்.

பிளாக் கேவியர் விஷயத்துக்குத் திரும்புவோம். ஃபிராங்கலுக்கு ஆறு வாரத்தில் பதில் கிடைத்தது. பிளாக் கேவியருக்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்த காலத்தில் படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது எதுவும் இல்லை. தசை ஆறுமா, ஆறிய தசையை அந்தக் குதிரை நம்புமா என்பதே கேள்வி. வலித்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஓடத் தொடங்கும் குதிரை பழைய பாய்ச்சலுக்கு வராமலே போகலாம். ஆஸ்காட்டோடு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று சொன்னவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஓரளவுக்கு வெளிச்சம் தந்தது, தோற்ற குதிரையின் பின்வரலாறு. மூன்லைட் கிளவுட் ஆகஸ்டில் மோரிஸ் தெ கீஸ்ட் பந்தயத்தையும், செப்டம்பரில் மூலான் பந்தயத்தையும் ஜெயித்தது. மூலானில் அதற்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது ஃபார். அந்தக் கோடையில் சசெக்ஸிலும் ஜட்மான்ட் இன்டர்நேஷனலிலும் ஃபிராங்கலுக்கு இரண்டாவதாக வந்த அதே குதிரை. அதாவது வலியோடும், தளர்ந்த கையோடும், உலகின் மறுகோடியிலிருந்து வந்த அலுப்போடும் பிளாக் கேவியர் தோற்கடித்தது லேசுப்பட்ட குதிரையை இல்லை. ஆஸ்காட்டின் அந்த ஒரு தலை நாளாக ஆக அகலமாகிக்கொண்டே போனது. தூரம் வேறு, மைதானம் வேறு என்பதால் இந்தக் கோடுகளை நேராக இழுத்து இரண்டு மாபெரும் குதிரைகளில் எது பெரிது என்று முடிவு கட்டக் கூடாது. பிளாக் கேவியர் தோற்கடித்த எதிரிகளின் தரத்தைச் சொல்ல இது போதும்.

2013 பிப்ரவரி 16, ஃபிளெமிங்டன், ஆயிரம் மீட்டர். முந்தைய சாதனை 1988-இல் ஸ்பெஷல் என்ற குதிரை படைத்தது. பிளாக் கேவியர் 55.42 விநாடியில் ஓடி அதை உடைத்தது. அந்த எண்ணைவிட அதில் நோலன் எப்படி ஓட்டினார் என்பதைப் பார்க்க வேண்டும். அவர் பழையபடி குதிரையை அதன் இஷ்டத்துக்கு விட்டார். அதன் பின்பகுதி வலியைத் தவிர்த்து ஓடியிருந்தால் அந்த வேகம் சாத்தியமே இல்லை. பின்னும் இரண்டு பந்தயம், மூனி வேலியிலும் சிட்னி ரான்ட்விக்கிலும். ஏப்ரலில், இருபத்தைந்துக்கு இருபத்தைந்து என்ற கணக்கோடு, ஓய்வு.

ஃபிராங்கலும் அதற்கு ஆறு மாதம் முன்பே, 2012 அக்டோபர் 20 அன்று, ஆஸ்காட்டிலேயே சாம்பியன் ஸ்டேக்ஸோடு விடைபெற்றது. பதினான்குக்குப் பதினான்கு. மழையில் நனைந்து சேறாகிய தரை. கூண்டு திறந்தபோது தாமதமாகக் கிளம்பியது. எதிரே சிர்க் தெசேக்ல், ஈரத்தரையில் உயிர் பெறும் குதிரை, முந்தைய ஆண்டு இதே பந்தயத்தை ஜெயித்தது. இறுதி இடைவெளி ஒன்றே முக்கால் லெங்த். ஃபிராங்கலின் பதினான்கு வெற்றிகளையும் தரவரிசையில் அடுக்கும்போது பலரும் இதைக் கீழே வைக்கிறார்கள், பதினொரு லெங்தை உச்சியில் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனக்குப் பிடிக்காத தரை, கைநழுவிய தொடக்கம், தன் சொந்த நிலத்தில் நிற்கும் எதிரி, இவற்றோடு குவீலி கேட்டபோது அது கடிவாளத்தை இழுக்காமல், வரிசை தப்பாமல் கொடுத்தது. உழைப்பை வைத்து மதிப்பிட்டால் அந்த ஒன்றே முக்கால்தான் அதன் மிகப் பெரிய வெற்றி. 2011 ஜூனில் முக்கால் லெங்தைப் பார்த்துப் பயந்தவர்களில் பலர் இந்த ஒன்றே முக்காலைப் பார்த்தும் அதே தப்பைத்தான் செய்தார்கள்.